நிலம் மயங்கும் இடம்: கழிமுகச் சேற்றை வாசிப்பது பற்றி

1

காவிரியில் வெள்ளம் வருகிற வருஷங்களில் நம் பத்திரிகைகளும் மேடைகளும் தவறாமல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டது. கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போன சமயத்திலும் இதைத்தான் கேட்டோம். நானும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் ஓர் இடம் உண்டு. 740 டி.எம்.சி.யை மாநிலங்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் சுற்றுச்சூழலுக்கு என்று 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப்போகும் நீர் என்று 4 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறார்கள். 2018இல் உச்சநீதிமன்றம் மற்ற பங்குகளில் கை வைத்தபோதும் இந்த இரண்டையும் தொடவில்லை. 'தப்பிப்போகும் நீர்' என்ற பிரயோகத்தைக் கவனியுங்கள். ஏதோ காவலில் இருந்த கைதி சுவரேறிக் குதித்த மாதிரி. ஆறு கடலுக்குப் போவது இயல்பு என்பது மாறி, போனால் அது குற்றம் அல்லது நஷ்டம் என்றாகிவிட்ட ஒரு சொல்லாடலுக்குள்தான் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உடனே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டெல்டா விவசாயியின் தண்ணீர் உரிமையைக் குறைத்துப் பேசுவதல்ல என் நோக்கம். அந்த உரிமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு: ஆறு கடலுக்குக் கொண்டுபோவது தண்ணீரை மட்டும்தானா? அது கொண்டுபோகிற மற்றதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது, யாருக்கு உதவுகிறது, யார் அதன் சொந்தக்காரர்? இந்தக் கேள்விக்கு விடை கழிமுகத்துச் சேற்றில் இருக்கிறது. அந்தச் சேற்றை விஞ்ஞானிகள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதை, விஞ்ஞானி அல்லாத ஒருவன் தனக்குப் புரிந்த அளவில் சொல்லிப் பார்க்கும் முயற்சி இது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மூலம் எது, இடைச்செருகல் எது, யார் கை பட்டிருக்கிறது என்று பிரதியில் தேடுவதுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. அவர்கள் சேற்றில் தேடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2

முதலில் ஒரு சொல் விவகாரம். உயிர்களிலிருந்து வந்த, கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட பொருளைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கரிமப் பொருள்' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்களில் அது 'சேதனப் பொருள்'. சேதனம் என்றால் அறிவுள்ளது, உயிருள்ளது, மற்றது அசேதனம். உயிர்ப் பொருளுக்குள் தனியாக ஓர் உயிர்ச்சக்தி இருக்கிறது என்று ஐரோப்பிய வேதியியல் நம்பிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1828இல் வோலர் சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. நான் இங்கே கரிமப் பொருள் என்றே எழுதுகிறேன். ஆனால் கழிமுகச் சேற்றில் காலை விட்டவர்களுக்குச் சேதனம் என்ற சொல்தான் பொருத்தமாகப் படும். அதற்குள் அத்தனை உயிர் நெளிகிறது.

கடலோரச் சேற்றில் பெரும்பகுதி களிமண்ணும் நுண்மணலும்தான். கரிமக் கார்பன் என்பது சாதாரணமாக அதன் காய்ந்த எடையில் ஒன்றிரண்டு சதவீதம் இருக்கும். வெறும் மணலில் அதுவும் இராது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் மட்டும் கணக்கு ஏறும். இலையும் வேரும் மட்கிச் சேர்ந்த சில இடங்களில் முப்பது சதவீதத்தைத் தொட்டதும் உண்டு. இந்தச் சின்னப் பங்கைத் தின்றுதான் புழு வாழ்கிறது, புழுவைத் தின்று நண்டும் இறாலும் வாழ்கின்றன, அவற்றைப் பிடித்து ஒரு ஜனம் வாழ்கிறது.

இது எங்கிருந்தெல்லாம் வருகிறது? நான்கு வழிகளைச் சொல்லலாம். ஒன்று, ஆறு கொண்டுவருவது: மலையின் இலைச் சருகு, வயலின் மேல்மண், பாறைக்குள் கோடிக்கணக்கான வருஷம் கிடந்து அரிப்பில் வெளிவந்த பழைய கார்பன். இரண்டு, கழியிலேயே விளைவது: கண்டல், சுரபுன்னை, தில்லை மரங்களின் இலையும் வேரும், கடற்புல், சேற்றின் மேல் பழுப்பாகப் படர்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிகள். மூன்று, கடல் தருவது: நீரில் மிதக்கும் நுண்பாசிகள் செத்து மழைபோல் அடியில் இறங்குவது. நான்கு, நாம் தருவது: சாக்கடை, எண்ணெய், புகைக்கரி.

இப்படிப் பட்டியல் போடுவது சுலபம். ஆனால் நான்காவது மற்ற மூன்றுக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது. வயலில் கொட்டிய யூரியா மழையில் கரைந்து கழிக்கு வந்தால் அங்கே பாசி பெருகுகிறது. அந்தப் பாசி செத்துப் படிந்தால், சோதனையில் அது 'கடல் சார்ந்த கரிமப் பொருள்' என்றுதான் வரும். கையெழுத்து கடலுடையது, கையைப் பிடித்து எழுதவைத்தது உர மூட்டை. மூலம் என்பதும் காரணம் என்பதும் ஒன்றல்ல என்று இலக்கிய விமர்சனத்தில் நாம் படாதபாடு பட்டுக் கற்றுக்கொண்ட விஷயம் இங்கேயும் வருகிறது.

3

சரி, ஒரு பிடி சேற்றில் எது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அவர்களிடம் சில சாட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சாட்சியும் உண்மை சொல்லும். தனியாக விட்டால் பொய்யும் சொல்லும்.

முதல் சாட்சி, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். கடலின் நுண்பாசியில் 16 நைட்ரஜன் அணுவுக்கு 106 கார்பன் அணு என்ற விகிதம் சராசரியாகக் காணப்படுகிறது என்று ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் காட்டினார். அதாவது ஏறத்தாழ ஆறரைக்கு ஒன்று. பாசிக்கு நிமிர்ந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை, தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அதனால் அதன் உடம்பில் புரதம் அதிகம். நிலத்து மரம் நிற்க வேண்டும். அதற்குச் செல்லுலோஸ், லிக்னின் என்று நைட்ரஜன் இல்லாத கட்டுமானப் பொருள் வேண்டும். அதன் விகிதம் இருபதுக்கு மேல் போகும். ஆகவே விகிதம் குறைந்தால் கடல், கூடினால் நிலம். ஆனால் மட்கும் இலையின் மேல் பாக்டீரியா குடியேறியதும் அது சுற்றிலும் உள்ள நைட்ரஜனை இழுத்துச் சேர்க்கிறது. விகிதம் இறங்குகிறது. நிலத்து இலை, நாளாவட்டத்தில், கடல் பாசி மாதிரிப் பேச ஆரம்பிக்கிறது.

இரண்டாம் சாட்சி கார்பன் ஐசோடோப்பு. கார்பனில் எடை 12 உள்ளது ஏராளம், 13 உள்ளது நூற்றுக்கு ஒன்று மாதிரி. ஒளிச்சேர்க்கையில் செடிகள் லேசானதை விரும்பி எடுக்கும். எவ்வளவு விரும்பும் என்பது செடியின் வகையைப் பொறுத்தது. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் இத்தனை குறைவு என்று கணக்கிடுகிறார்கள். நெல்லும் பெரும்பாலான மரங்களும் மைனஸ் 27ஐ ஒட்டி வரும். கடல் பாசி மைனஸ் 20க்கும் 22க்கும் நடுவே. கரும்பு, சோளம் போன்றவை வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்வதால் மைனஸ் 13 வாக்கில் நிற்கும்.

இதில் உள்ள வம்பைப் பாருங்கள். நெல் வயலின் மண்ணும் கரும்புத் தோட்டத்தின் மண்ணும் பாதிக்குப் பாதி கலந்து வந்தால் சராசரி எவ்வளவு? மைனஸ் 20. அச்சு அசலாகக் கடல் பாசியின் எண். கடலே சம்பந்தப்படாமல் கடலின் கையெழுத்து! இது கற்பனை அல்ல. மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கொண்டுவந்த புல்வெளி மண்ணின் கார்பனைக் கடலின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று 1997இல் கோனி, ருட்டன்பெர்க், எக்ளின்டன் ஆகியோர் காட்டினார்கள். அதுவரை ஒரே சாட்சியை நம்பியதன் விளைவு. நெல்லும் கரும்பும் பக்கத்துப் பக்கத்தில் விளைகிற நம் டெல்டாவில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும். மூன்று பேர் மேல் சந்தேகம், சாட்சி ஒருவர்தான் என்றால், தீர்ப்பு எழுத முடியாது. கணக்கிலும் அப்படித்தான்: தெரியாத எண்கள் மூன்று, சமன்பாடு போதவில்லை.

அதனால்தான் மூன்றாம் வகைச் சாட்சிகளைத் தேடிப் போனார்கள். இன்ன உயிர் மட்டுமே செய்யக்கூடிய மூலக்கூறுகள். லிக்னின் நிலத்துச் செடிகளில்தான் உண்டு, பாசியில் கிடையாது. சேற்றில் லிக்னினின் துண்டுகள் இருந்தால் அங்கே ஏதோ ஒரு மரமோ புல்லோ வந்திருக்கிறது. அந்தத் துண்டுகளின் விகிதத்தைப் பார்த்து மரக்கட்டையா இலையா என்றுகூடச் சொல்லலாம். ஜான் ஹெட்ஜஸ் 1970களின் கடைசியில் தொடங்கி இதை ஒரு துறையாகவே வளர்த்தார். அதேபோல் கோப்ரோஸ்டனால் என்றொரு பொருள். கொலஸ்ட்ராலை நம் குடலில் இருக்கும் பாக்டீரியா மாற்றி உண்டாக்குவது. சேற்றில் அது மிகுந்திருந்தால் மனித மலம் அங்கே வந்து சேர்கிறது என்று பொருள். இதற்குப் பிறகு வருகிறேன்.

4

மூலம் ஒரு பாதி என்றால், எங்கே தங்குகிறது என்பது மறுபாதி.

கிள்ளை பக்கம் ஒரு நண்பரோடு போயிருந்தபோது, படகு தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கே இறால் அதிகம் என்று கேட்டேன். முகத்துவாரத்தைக் கை காட்டி, "அங்க வெறும் மணலு தம்பி, ஒண்ணும் நிக்காது. உள்ள வாங்க, கால் வெச்சா முட்டி வரைக்கும் போகும் பாருங்க, அங்கதான் எறா, நண்டு எல்லாம். மடவ சேத்தத்தான தின்னுட்டு வளருது" என்றார். அவர் சொன்னதற்குள் இந்தத் துறையின் பாதி அடங்கியிருக்கிறது.

கரிமப் பொருள் தனியாக மிதந்து வந்து படிவதில்லை, பெரும்பாலும். களிமண் துகளின் மேல் பூச்சுபோல ஒட்டிக்கொண்டு வருகிறது. துகள் சிறியதாகச் சிறியதாக, ஒரு கிராமுக்கு மேற்பரப்பு கூடும். ஒட்ட இடம் கூடும். மணல் பருக்கைக்கு மேற்பரப்பு சொற்பம். எனவே அலை அடித்துக் களிமண்ணைக் கழுவிவிடும் முகத்துவார மணல்திட்டில் கரிமப் பொருள் குறைவு. நீர் அசையாத உள்வாய்க்கால்களில் அதிகம். ஒரு கழிமுகத்தில் கரிமப் பொருள் பரவியிருக்கும் படத்தை வரைந்தால், அது பெரும்பாலும் துகளின் பருமனுக்கான படமாகவே இருக்கும்.

ஆற்றில் வரும் களிமண் துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதந்து வருகின்றன. உப்பு நீரைத் தொட்டதும் அந்த விலகல் தணிகிறது. ஒட்டிக்கொள்கின்றன, கட்டி கட்டியாகி அமிழ்கின்றன. ஏற்றவற்றம் அவற்றைக் கிளப்பி மேலும் கீழுமாக அலைக்கழிக்கிறது. அதனால் கழிமுகத்தின் நடுவில் எப்போதும் ஒரு கலங்கல் பகுதி. ஆறு கொண்டுவந்ததில் கணிசமானது கடலைப் பார்க்காமலே இங்கே தங்கிவிடுகிறது.

தங்கியதும் கதை முடிவதில்லை. சேற்றின் மேல் சில மில்லிமீட்டரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளை, பிறகு கடல்நீரின் சல்ஃபேட்டைக் கொண்டு 'மூச்சு' விடுகின்றன. எல்லாம் தீர்ந்த ஆழத்தில் மீத்தேன். கழிக்கரையில் அடிக்கும் அழுகிய முட்டை நாற்றம் சல்ஃபேட் மூச்சின் நாற்றம். சேற்றின் கறுப்பு, அதில் பிறந்த இரும்பு சல்ஃபைடின் கறுப்பு. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு 'அழுக்கு' என்று கடக்கிற இந்த நாற்றம், ஊரான் கழிவு ஒரு சொட்டு வராத கழியிலும் அடிக்கும். நாற்றத்தை வைத்து மாசு என்று முடிவு கட்டுகிற புத்தி நமக்கு வேறு எங்கிருந்தோ வந்தது. அது எங்கிருந்து என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

5

இப்போது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் காடும் கழியும். சினிமாக்காரர்களுக்கு அது ஒரு லொகேஷன். சுற்றுலாத் துறைக்குப் படகுச் சவாரி. அங்கே சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து வாழ்கிற இருளர்களுக்கு அது வேலைத்தலம்.

பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை வனத்துறை இந்தக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறை வைத்து மொட்டையடித்தது. இத்தனை வருஷத்தில் மறுபடி வளர்ந்துவிடும் என்பது கணக்கு. வளரவில்லை. காடு அழிந்ததற்கு ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறொரு காரணம் தெரிந்தது. மரங்களை மொத்தமாக வெட்டியதும் சேற்றின் மேல் நேரடி வெயில். நீர் ஆவியாகி மண் அமிழ்ந்தது. நிலம் தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் வந்த உப்புநீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறி, எந்த விதையும் ஊன்ற முடியாத இடமாயிற்று. மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி நீரை வரவும் போகவும் விட்டார்கள். கன்று நட்டார்கள். காடு மீண்டது. அந்த வேலையைச் செய்ததும் ஊர்க்காரர்கள்தான்.

இங்கே மூலம் பற்றிய கேள்வி வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இல்லை. அழிவின் மூலம் யார் என்ற கேள்விக்கு அதிகாரம் ஒரு பதிலை எழுதி வைத்திருந்தது. சேறு வேறொன்றைச் சொன்னது.

இன்னொன்றும் உண்டு. 1960களில் அமெரிக்கச் சூழலியலாளர்கள் ஒரு கருதுகோளை வைத்தார்கள்: சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும் தம் இலைச் சத்தை வெளியே கடலுக்கு அனுப்பி மீனை வளர்க்கின்றன என்று. காட்டைக் காப்பாற்ற இது நல்ல வாதம். நம் இயக்கங்களும் துண்டுப் பிரசுரங்களில் பயன்படுத்தியிருக்கின்றன. பிறகு ஐசோடோப்பு வந்தது. மீனின், இறாலின் சதையில் உள்ள கார்பனைப் பார்த்தால் பல இடங்களில் அது இலையின் எண்ணாக இல்லை. சேற்றின் மேல் படரும் நுண்பாசியின், நீரில் மிதக்கும் பாசியின் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. கோதாவரி முகத்தின் கோரிங்காவிலும் இலங்கையிலும் செய்த ஆய்வுகளில் அலையாத்திச் சேறே இடத்துக்கு இடம் மாறியது: சில இடத்தில் பெரும்பாலும் அங்கே விழுந்த இலை, சில இடத்தில் பெரும்பாலும் ஏற்றம் கொண்டுவந்து போட்ட வெளிச்சரக்கு. காட்டின் முக்கியத்துவம் இதனால் குறைந்துவிடவில்லை. வேர்கள் நீரைத் தணித்து சேற்றைப் பிடித்து வைக்காவிட்டால் அந்தப் பாசிக்கும் இடமில்லை, இறால் குஞ்சுக்கும் இடமில்லை. ஆனால் நம் துண்டுப் பிரசுரத்தின் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். நல்ல காரியத்துக்காக ஆனாலும் தப்பான காரணத்தைச் சொன்னால், அந்தக் காரணம் உடையும்போது காரியமும் உடையும்.

6

கோப்ரோஸ்டனாலுக்கு வருவோம். சென்னை.

1880களில் துறைமுகச் சுவர் எழுந்ததும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டுத் தெற்கே குவிந்தது. நாம் காற்று வாங்கும் மெரினா இப்படி அகன்றதுதான். அதே மணல் கூவத்தின் வாயை அடைத்தது. அடைத்த வாய்க்குப் பின்னால் ஒரு மாநகரத்தின் சாக்கடை. ஏற்றவற்றம் உள்ளே வந்து கலக்கி, ஆக்சிஜன் கொடுத்து, எடுத்துப்போகிற வழக்கம் நின்றால் சேறு என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம்.

ஆனால் பொதுப்புத்தியில் கூவத்தின் நாற்றத்துக்கு மூலம் என்று எழுதப்பட்டிருப்பவர்கள் யார்? கரையில் குடிசை போட்டிருந்தவர்கள். ஆற்றை மீட்பது என்றால் முதல் வேலை அவர்களைத் தூக்கிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் போடுவது என்றாயிற்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகம் பிடித்தது. சோதனைக்கூடத்தைக் கேளுங்கள். கோப்ரோஸ்டனால் 'மனிதர்' என்று மட்டும்தான் சொல்லும். அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்திலிருந்து வந்ததா, ஓலைக் குடிசையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதில் வர்க்கம் இல்லை, சாதி இல்லை. குழாய் எங்கிருந்து வருகிறது என்று நடந்து போய்ப் பார்த்தால் தெரியும். அதற்கு ஐசோடோப்பு வேண்டாம். ஆற்றில் விடப்படும் கழிவின் அளவு தண்ணீர் செலவழிக்கும் அளவைப் பொறுத்தது என்பதும் அப்படித்தான். குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர் எவ்வளவு கழிவுநீரை உண்டாக்கிவிட முடியும்?

மலத்தைச் சோதனைக் குழாயில் 'குறிகாட்டி' என்று மரியாதையாக எழுதுகிற நாட்டில்தான், அதை அள்ள மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் குழிக்குள் சாகிறார்கள். சேற்றின் மூலங்களைப் பற்றிப் பேசும்போது, சேற்றில் இறக்கப்படுகிறவர்களை விட்டுவிட்டுப் பேசுவது சாத்தியமில்லை.

7

இதையெல்லாம் கொஞ்சம் தூரத்தில் நின்று பார்க்கலாம். கடல்களில் ஒவ்வொரு வருஷமும் நிரந்தரமாகப் புதைகிற கரிமக் கார்பனில் மிகப் பெரும்பகுதி நடுக்கடலில் புதைவதில்லை. டெல்டாக்களிலும் கரையோரத் திட்டுகளிலும்தான் புதைகிறது என்று 1980களில் ராபர்ட் பெர்னர் கணக்குக் காட்டினார். பூமியின் பரப்பில் ஓர் ஓரம். புதைவதில் அதுவே மையம். அப்படிப் புதையும் கார்பன் காற்றுக்குத் திரும்புவதில்லை.

நம் வங்கக் கடலே இதற்குப் பெரிய உதாரணம். இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வரும் மண் கடலடியில் ஒரு பிரமாண்டமான விசிறியாகப் படிந்திருக்கிறது. அமேசானின் முகத்தில் ஆறு கொண்டுவரும் கரிமப் பொருளில் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. வங்கக் கடலிலோ மண் அவ்வளவு வேகமாக மேலே மேலே விழுவதாலும் ஆக்சிஜன் குறைவாக இருப்பதாலும் ஏறத்தாழ முழுவதும் தப்பிப் புதைகிறது. நிலத்திலிருந்து வந்து உலகக் கடல்களில் புதையும் கரிமக் கார்பனில் 10 முதல் 20 சதவீதம் இங்கேதான் என்று 2007இல் காலியும் அவர் குழுவினரும் மதிப்பிட்டார்கள். 'வீணாகக் கடலில் கலந்தது' என்ற வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

அணைகள் என்ன செய்கின்றன? காடழிப்பும் உழவும் சுரங்கமும் சேர்ந்து ஆறுகளுக்குள் வருஷத்துக்குக் கூடுதலாகச் சுமார் 230 கோடி டன் மண்ணைத் தள்ளுகின்றன. அப்படியும் கடற்கரைக்குப் போய்ச் சேர்வது சுமார் 140 கோடி டன் குறைந்துவிட்டது, நடுவில் அணைகள் பிடித்துக்கொள்வதால். இது 2005இல் சிவிட்ஸ்கியும் மற்றவர்களும் தந்த உலகக் கணக்கு. மேலே அதிகம் அரிக்கிறது, கீழே குறைவாக வருகிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அன்றிலிருந்து அங்கே படியும் வண்டல் டெல்டாவுக்கு வர வேண்டிய வண்டல். விவசாயிக்கும் அது நஷ்டம், கழிக்கும் நஷ்டம். தண்ணீருக்குப் பங்கு கேட்கிற நாம் வண்டலுக்குப் பங்கு கேட்டதில்லை.

இனி வரப்போவது ஒன்று. 2009க்குப் பிறகு 'நீலக் கார்பன்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அலையாத்திக் காடும் சேறும் கார்பனைப் பிடித்து வைப்பதால் அதை அளந்து, சான்றிதழ் போட்டு, எங்கோ புகை விடுகிறவருக்கு விற்கலாம் என்கிற ஏற்பாடு. இந்தக் கணக்கு முறைகளில், சேற்றில் இருக்கும் கார்பனில் அங்கேயே விளைந்தது எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரித்து, வந்ததைக் கழிக்கச் சொல்கிறார்கள். அதாவது மூலம் பற்றிய கேள்விக்கு இப்போது விலை வந்துவிட்டது. விலை வந்த இடத்தில் வேலி வரும். கையால் இறால் தடவுகிறவருக்கு அந்தச் சேற்றில் என்ன பங்கு என்று எந்த ஐசோடோப்பும் சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும், வேலி வருவதற்கு முன்பே.

8

தொல்காப்பியம் திணை மயங்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆனால் நிலம் மயங்காது என்கிறது. குறிஞ்சியின் ஒழுக்கம் நெய்தலில் வரலாம், குறிஞ்சி நிலம் நெய்தலுக்கு வந்துவிடாது. வகுப்பில் இதைப் படித்தபோது சரியாகத்தான் பட்டது. கழிமுகத்தில் நின்று பார்த்தால் இலக்கணம் கொஞ்சம் தடுமாறுகிறது. குடகு மலையின் இலை, மருதத்தின் வயல்மண், கடலின் பாசி, ஊரின் சாக்கடை எல்லாம் ஒரே பிடியில். இங்கே மயங்குவது நிலமேதான்.

இதை எழுதும்போதே ஓர் ஆபத்து தெரிகிறது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்படி ஒன்று கிடைத்தால் உடனே 'கலப்பு', 'தூய மூலம் என்று எதுவுமில்லை', 'எல்லாம் பிரதிகளின் சங்கமம்' என்று படிமமாக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். தூய மூலம் இல்லை என்பது உண்மைதான். அதற்காக மூலமே இல்லை, யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடாது. சேற்று ஆய்வு கற்றுத் தருவது இதைத்தான்: கலந்துவிட்ட பிறகும் எது எவ்வளவு என்று கேட்க முடியும். ஒரே சாட்சியை நம்பாமல் பல சாட்சிகளைச் சேர்த்து வைத்துக் கேட்க வேண்டும். தவறான வாக்கியத்தை, அது நம்முடையதாக இருந்தாலும், அடித்துத் திருத்த வேண்டும்.

கிள்ளைப் பெரியவர் கரையேறும்போது காலைக் கழுவிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார். "இது ஒட்டிக்கிட்டா லேசுல போகாது தம்பி." கழுவினேன். போகவில்லை. ஊர் வந்து சேரும்வரை நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. அடுத்த முறை யாராவது தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது என்று சொன்னால், தண்ணீர் சரி, கூட வந்தது எங்கே என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்.